இட்ஸ் ஆல் கிரீக் டு மீ: "புரியல"ன்னு சொல்ல நமக்கு என்ன தயக்கம்?

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு நாம எடுத்துக்கப்போற இங்கிலீஷ் இடியம், "இட்ஸ் ஆல் கிரீக் டு மீ". வார்த்தைக்கு வார்த்தை சொன்னா, "எனக்கு இது முழுக்க கிரேக்கம்". அர்த்தம் ரொம்ப சிம்பிள். எனக்கு ஒண்ணுமே புரியல. அவ்வளவுதான்.

வழக்கமா இந்த மாதிரி ஒரு இடியத்தைப் பத்து நிமிஷத்துல முடிச்சிடுவேன். அர்த்தம், எங்கேருந்து வந்துச்சு, நாலு உதாரணம், டாட்டா. இன்னைக்கு கொஞ்சம் கூடுதலா நேரம் எடுத்துக்கிறேன். ஏன்னா இந்த இடியத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரகடத்துல நான் வேலை பார்த்த ஒரு ராத்திரி ஞாபகத்துக்கு வரும். அதுக்கு வரேன். முதல்ல பாடம்.

எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது

ஒரு பேச்சோ, எழுத்தோ, ஒரு சப்ஜெக்ட்டோ உங்களுக்கு சுத்தமா புரியலன்னா இதைச் சொல்லலாம். ஹோம் லோன் எடுக்கப் போறீங்க. முப்பது பக்க அக்ரிமென்ட்டை நீட்டுறாங்க. படிச்சுப் பார்த்துட்டு ஃப்ரெண்டுகிட்ட, "தி அக்ரிமென்ட் வாஸ் ஆல் கிரீக் டு மீ" அப்படின்னு சொல்லலாம். டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டை வேகமா விளக்கிட்டுப் போயிட்டார். சொல்லலாம். ஆபீஸ்ல ஃபைனான்ஸ் டீம் பேசுறது. தாராளமா சொல்லலாம்.

சொல்லக்கூடாத இடமும் இருக்கு. வழி தெரியாம சிங்கபெருமாள்கோயில்ல இறங்க வேண்டிய ஆள் செங்கல்பட்டு போயிட்டீங்கன்னு வைங்க. அது கிரேக்கம் இல்ல, வழி தவறினது. வீடு முழுக்க சாமான் கலைஞ்சு கிடக்குன்னா அதுக்கு "அட் சிக்ஸஸ் அண்ட் செவன்ஸ்"னு வேற இடியம் இருக்கு. போன்ல குரல் சரியா கேக்கலன்னா அதுக்கும் இது பொருந்தாது. காதுல நல்லா விழுது, கண்ணு நல்லா பார்க்குது, ஆனா மண்டைக்குள்ள போகல. அந்த நிலைமைக்கு மட்டும்தான் இது.

நம்ம தமிழ்ல இதுக்குப் பக்கத்துல என்ன இருக்கு? "தலையும் புரியல, வாலும் புரியல" ஓரளவு சரியா இருக்கும். "கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு" இன்னும் பெரிய குழப்பம். அது ஒரு பேச்சு புரியாததைவிட, ஒரு சூழ்நிலையே புரியாததைச் சொல்லுது. கவனிச்சீங்களா, அதுல உங்க கண்ணை நீங்களே கட்டிக்கல. யாரோ கட்டினாங்க, யாரோ விட்டுட்டுப் போனாங்க. இதை ஒரு ஓரமா வச்சுக்கோங்க. கடைசில தேவைப்படும்.

அந்தக் கிரேக்கம் எங்கேருந்து வந்துச்சு?

இந்தச் சொல்லைப் பிரபலமாக்கினது ஷேக்ஸ்பியர். 1599 வாக்குல அவர் எழுதின ஜூலியஸ் சீஸர் நாடகத்துல, முதல் அங்கத்துல வரும். காஸ்கான்னு ஒரு ரோமானியப் பிரபு. ஊர்ல நடந்த ஒரு பெரிய கூட்டத்தைப் பார்த்துட்டு வந்து புரூட்டஸ்கிட்டயும் காஸியஸ்கிட்டயும் கதை சொல்றார். சிசரோ ஏதாவது பேசினாரான்னு கேக்குறாங்க. பேசினார், கிரேக்கத்துல பேசினார், புரிஞ்சவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்கிட்டாங்க, எனக்கு அது கிரேக்கமாத்தான் இருந்துச்சுங்கிற அர்த்தத்துல காஸ்கா பதில் சொல்வார். அவர் நிஜமாவே கிரேக்க மொழியைத்தான் சொல்றார். அதனால அங்க அது இடியமாவும் இருக்கு, உண்மையாவும் இருக்கு.

ஷேக்ஸ்பியருக்கு முன்னாடியே இதுக்கு ஒரு வேர் இருக்கு. இடைக்கால ஐரோப்பாவுல லத்தீன் ஏடுகளைப் படிச்ச ஆட்கள், நடுவுல கிரேக்கப் பகுதி வந்தா, "இது கிரேக்கம், படிக்க முடியாது"ங்கிற பொருள்ல லத்தீன்லயே ஒரு வரி சொல்லித் தாண்டிப் போயிடுவாங்க. நம்ம கோடுல "டோன்ட் டச் திஸ், இட் வொர்க்ஸ்"னு கமென்ட் போட்டுட்டுத் தாண்டிப் போறோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி.

இப்ப சுவாரசியமான விஷயத்துக்கு வாங்க. ஷேக்ஸ்பியர் இந்த நாடகத்துக்கு நம்பின மூல நூல், புளூட்டார்க் எழுதின வாழ்க்கை வரலாறுகளோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. அதுல சீஸர் கொலை வரும் இடத்துல, முதல் குத்து குத்தின காஸ்கா தன் சகோதரனை உதவிக்குக் கூப்பிடுவார். எந்த மொழியில தெரியுமா? கிரேக்கத்துல!

அப்போ வரலாற்றுல வர்ற காஸ்காவுக்குக் கிரேக்கம் தெரியும். நாடகத்துல வர்ற காஸ்கா தெரியாதுன்னு சொல்றார். ஷேக்ஸ்பியர் கவனிக்காம விட்டாரா, இல்ல அந்த ஆளே நடிக்கிறாரா, ரெண்டு விதமாவும் வாசிக்கலாம். எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும். ஏன்னா இந்த இடியத்தை நிறைய பேர் இன்னைக்கும் அப்படித்தான் சொல்றாங்க. "அந்த டாக்ஸ் ஃபைலிங் எல்லாம் எனக்குக் கிரீக் ப்ரோ"ன்னு ஒருத்தர் சொன்னா, அவருக்குப் புரியாதுன்னு மட்டும் அர்த்தம் இல்ல. "அதைப் புரிஞ்சுக்கிறது என் வேலை இல்ல, நீயே பார்த்துக்கோ"ன்னும் அர்த்தம்.

ஆக இதுக்கு ரெண்டு பயன்பாடு. ஒண்ணு, நிஜமாவே புரியல. இன்னொண்ணு, புரிஞ்சுக்க எனக்கு விருப்பம் இல்ல. கேக்குறவங்க எதுன்னு டோனை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிரேக்கம்

இங்கிலீஷ்காரங்களுக்குக் கிரேக்கம்னா மத்தவங்களுக்கு? ஜெர்மன்காரங்க, "இது எனக்கு ஸ்பானிஷ் மாதிரி இருக்கு"ம்பாங்க. ஸ்பானிஷ்காரங்களும் பிரெஞ்சுக்காரங்களும் சீனத்தைச் சொல்வாங்க. போலந்துல "துருக்கியப் பிரசங்கம்"னு ஒரு வழக்கு. சரி, கிரேக்கர்கள் யாரைச் சொல்வாங்க? அவங்களும் சீனத்தைத்தான். சீனர்கள்? அவங்க எந்த நாட்டையும் இழுக்கல. "வானத்துப் புத்தகம்"னு சொல்லிடுவாங்க. அதாவது மனுஷங்க எழுதினதே இல்ல.

நம்ம பக்கம் கிரேக்கம் வந்ததே இல்லையான்னா, வந்திருக்கு. சங்க இலக்கியத்துல வர்ற யவனர்கள், கிரேக்க ரோமானிய உலகத்துலேருந்து கடல் வழியா வந்தவங்க. பத்துப்பாட்டுல ஒண்ணான முல்லைப்பாட்டுல ஒரு ராஜாவோட பாசறை வரும். கூடாரம் அமைச்சு விளக்கேத்துற யவனர்கள் அங்க இருக்காங்க. பக்கத்துலயே காவலுக்கு மிலேச்சர்கள். அவங்களை எப்படிச் சொல்றார் புலவர்னா, நாக்கால பேசாம உடம்பால பேசுறவங்கன்னு. பாஷை தெரியாத ஆட்கள், சைகையிலயே வேலை நடக்குது. ஒரகடத்துல ஏதாவது ஒரு ஃபேக்டரி உள்ள போய்ப் பாருங்க, கட்டை விரலைத் தூக்கி, கையை ஆட்டி, தலையை அசைச்சு, இன்னைக்கும் அதே சைகைதான்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. எகிப்துல ஆக்ஸிரிங்கஸ்ங்கிற இடத்துல கிடைச்ச பாப்பிரஸ் சுருள்கள்ல, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுன்னு சொல்றது ஒண்ணு. அதுல ஒரு கிரேக்கக் காமெடி நாடகம். காரிஷன்னு ஒரு கிரேக்கப் பொண்ணு இந்தியக் கரையில மாட்டிக்கிறா, அவளை மீட்டுட்டுப் போறாங்க. அதுல வர்ற இந்தியர்கள் பேசுறது எல்லாம் கிரேக்க எழுத்துல இருக்கு, ஆனா கிரேக்கம் இல்ல. 1904ல ஹுல்ட்ஷ்ங்கிற ஆய்வாளர் அது கன்னடமா இருக்கலாம்னு சொன்னார். பிறகு துளுன்னு சொன்னவங்களும் உண்டு, சும்மா சிரிக்க வைக்கிறதுக்காக எழுதின உளறல்னு சொன்னவங்களும் உண்டு. இன்னும் முடிவாகல.

யோசிச்சுப் பாருங்க. அந்தக் கிரேக்க ஆடியன்ஸுக்கு நம்ம தென்னிந்தியப் பேச்சு ஒரு காமெடி. அவங்களுக்கு நாம "கிரேக்கம்". கிரேக்கம்ங்கிறது ஒரு மொழி இல்ல மக்களே, நாம எந்தப் பக்கம் நிக்கிறோம்ங்கிறதுதான்.

இனி ஒரகடம்

வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும் சிங்கபெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் ரோடும் வெட்டிக்கிற இடம் ஒரகடம். ஒரு தலைமுறைக்கு முன்னாடி வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போறவங்க தாண்டிப் போற ஊர். இருங்காட்டுக்கோட்டையில 1998ல ஹூண்டாய் கார் வெளிய வர ஆரம்பிச்சுது. ஒரகடத்துல 2010ல ரெனோ நிசான், 2012ல டைம்லர், 2013ல ராயல் என்ஃபீல்டு. இதுங்களுக்கு உதிரி பாகம் பண்ற கம்பெனிகள் சுத்திலும். கொரியன், ஜப்பானிஷ், ஜெர்மன், பிரெஞ்சு எல்லாம் மீட்டிங் ரூம்ல. இந்தி, ஒடியா, வங்காளம், அஸ்ஸாமியம் எல்லாம் லைன்ல. நடுவுல நம்ம தமிழ். இங்கிலீஷ்தான் பொது மொழின்னு சொல்வாங்க. உண்மையில அது யாரோட மொழியும் இல்ல.

என்ஜினியரிங் முடிச்சு என் முதல் வேலை இந்தப் பகுதியில ஒரு உதிரி பாகக் கம்பெனியில. பேர் வேண்டாம். டிரெய்னி. மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல இருக்கிற சாஃப்ட்வேர்ல ஸ்க்ரீன் பண்றது என் வேலை. புதுசா ஒரு ஸ்டேஷன் போட்டாங்க. போல்ட்டை முறுக்குற நட் ரன்னர் மெஷின். முறுக்கு விசை சரியா இருந்தா பச்சை, இல்லேன்னா சிவப்பு.

மெஷினை நிறுவ வெளிநாட்டு எக்ஸ்பர்ட் ஒருத்தர் வந்திருந்தார். இன்டர்ப்ரெட்டர் மூலமா ரெண்டு மணி நேரம் விளக்கினார். சிவப்பு வந்தா என்ன பண்ணணும், ரீசெட் எப்ப அழுத்தணும், எல்லாத்தையும். எனக்குப் பாதிக்குப் பாதி புரியல. ஆனா ரூம்ல இருந்த பெரியவங்க எல்லாம் தலையாட்டினாங்க. நானும் தலையாட்டினேன். "எனி டவுட்?"னு கேட்டாங்க. "நோ சார்." பெருமையா சொன்னேன்.

அப்புறம் ஸ்க்ரீன் பண்ண உக்காந்தேன். சிவப்பு வந்தா என்ன எழுதுறது? மேனுவல்ல இருந்ததை அப்படியே போட்டேன். "என்ஜி. ஹோல்ட். ரீசெட் டு கன்டினியூ."

இந்த என்ஜிங்கிறது "நாட் குட்" அல்லது "நோ குட்"டோட சுருக்கம். ஜப்பானிய, கொரிய ஃபேக்டரிகள்ல ஓகேவுக்கு எதிர்ப்பதம் என்ஜி. இங்கிலாந்துல பிறந்து வளர்ந்த ஒருத்தர்கிட்ட போய் "என்ஜி"ன்னா முழிப்பார். அது இங்கிலீஷ் எழுத்து, ஆனா இங்கிலீஷ்காரங்களுக்கே கிரேக்கம். நான் ஆறு மாசமா அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிட்டதால, உலகத்துக்கே தெரியும்னு நினைச்சுட்டேன்.

அந்த ஸ்டேஷன்ல நைட் ஷிஃப்ட்டுக்கு ஒடிஷாலேருந்து வந்த ஒரு காண்ட்ராக்ட் பையன். இருபது, இருபத்தொண்ணு வயசு இருக்கும். தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசுவான். என்னை "அண்ணா"ன்னுதான் கூப்பிடுவான். அஞ்சு நிமிஷத்துல ஸ்க்ரீனைக் காட்டி, கையைக் காலை ஆட்டி விளக்கினேன். "புரிஞ்சுதா?"ன்னு கேட்டேன். "ஓகே அண்ணா." நான் கிளம்பி வீட்டுக்கு வந்துட்டேன்.

காலையில போனா லைன் நின்னு கிடக்கு. ராத்திரி ஒரு சாக்கெட் தேய்ஞ்சு, முறுக்கு சரியா விழல. சிவப்பு வந்துக்கிட்டே இருந்திருக்கு. சிவப்பு வந்தா அந்த பீஸை எடுத்து சிவப்பு பின்ல போடணும், ஷிஃப்ட் இன்சார்ஜைக் கூப்பிடணும், அப்புறம்தான் ரீசெட். அவன் ரீசெட் அழுத்தியிருக்கான், பீஸை அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்பியிருக்கான். ஒவ்வொரு தடவையும். ஏன்னா ஸ்க்ரீன்ல அவனுக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை ரீசெட். நல்ல பீஸோட கெட்ட பீஸ் கலந்துடுச்சு. நூத்துச் சொச்சம் பீஸை ஒவ்வொண்ணா கையால செக் பண்ணினோம். நல்லவேளை, எதுவும் கேட்டைத் தாண்டி வெளிய போகல. போயிருந்தா யாரோ ஒருத்தர் வண்டியில, யாரோ ஒருத்தர் ரோட்டுல.

மீட்டிங் நடந்துச்சு. காரணம்ங்கிற கட்டத்துல "ஆபரேட்டர் நெக்லிஜன்ஸ்"னு எழுதினாங்க. ஆபரேட்டர் கவனக்குறைவு. "டிரெய்னிங் கொடுத்தாச்சா?"ன்னு என்னைப் பார்த்துக் கேட்டாங்க. "கொடுத்தாச்சு சார். புரிஞ்சுதான்னு கேட்டேன், ஓகேன்னான்."

இது பொய் இல்ல. ஆனா உண்மையும் இல்ல. அந்த ஸ்க்ரீன்ல இருந்த வரி எனக்கே முழுசா புரியாம மேனுவல்லேருந்து எடுத்துப் போட்டதுன்னு நான் சொல்லல. ரெண்டு மணி நேரம் ட்ரெயினிங்ல நானும் அதே "ஓகே"வைத்தான் சொன்னேன்னு சொல்லல. வெளிய வந்தப்போ லைன் லீடர் அண்ணன், பதினஞ்சு வருஷ சர்வீஸ், தோள்ல கையைப் போட்டு மெதுவா சொன்னார்: "தம்பி, அந்த டப்பால என்ன எழுதியிருக்குன்னு எனக்கே தெரியாதுப்பா. சிவப்பு வந்தா நான் கேட்டுக்குவேன். அந்தப் பையனுக்கு ராத்திரியில யாரைக் கேக்குறதுன்னு தெரியல."

அடுத்த வாரம் அந்தப் பையன் லைன்ல இல்ல. வேற இடத்துக்கு மாத்தினாங்களா, காண்ட்ராக்டர் ஊருக்கு அனுப்பிட்டாரா, நான் கேக்கல. இப்ப வரைக்கும் தெரியாது. அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருக்கணும்.

349 உயிர்

இது ஒரு சின்ன ஸ்டேஷன்ல, ஒரு ராத்திரியில நடந்தது. இதே விஷயம் வானத்துல நடந்தா? 1996 நவம்பர் 12. டெல்லிக்குப் பக்கத்துல சர்க்கி தாத்ரி. டெல்லியிலேருந்து கிளம்பி மேல ஏறிக்கிட்டிருந்த சவூதி விமானமும், டெல்லிக்கு இறங்கி வந்துக்கிட்டிருந்த கஜகஸ்தான் விமானமும் நடு வானத்துல மோதிக்கிச்சு. ரெண்டுலயும் இருந்த 349 பேரும் இறந்துட்டாங்க. உலகத்துல நடந்த நடுவான மோதல்கள்ல இதுதான் மிக மோசமானது.

ஏறுற விமானத்துக்கு 14,000 அடி வரைக்கும்தான் அனுமதி. இறங்குற விமானம் 15,000 அடியில நிக்கணும். நடுவுல 1,000 அடி இடைவெளி. ஆனா கஜகஸ்தான் விமானம் அனுமதி இல்லாம 15,000த்துக்குக் கீழ இறங்கிடுச்சு. நீதிபதி லஹோட்டி தலைமையில நடந்த விசாரணை இதைத்தான் காரணமா சொல்லுச்சு. அப்படி இறங்கினதுக்குப் பின்னால இருந்த விஷயங்கள்ல ஒண்ணா, அந்த விமானிகளுக்கு இங்கிலீஷ் போதாம, கட்டுப்பாட்டு அறை சொன்னதைத் தப்பா புரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்தாங்க. அந்த விமானத்துல ரேடியோவுல பேசுறதுக்குன்னே தனியா ஒரு ஆள் இருந்தார். கேட்டவர் ஒருத்தர், ஓட்டினவர் இன்னொருத்தர்.

இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகு, சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, சர்வதேச வழித்தடத்துல பறக்கிற விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் இங்கிலீஷ் திறனுக்கு 6 படிநிலை வச்சு, குறைஞ்சது 4ஆவது படி வேணும்னு சொல்லுச்சு. 2008 மார்ச்லேருந்து அது நடைமுறைக்கு வந்துச்சு.

விமானத்துறையில இன்னொரு பழக்கம் உண்டு. அதுக்கு ரீட்பேக்னு பேரு. கட்டுப்பாட்டு அறை ஒரு உயரத்தைச் சொன்னா, விமானி "ஓகே"ன்னோ "ரோஜர்"னோ சொல்லிட்டுப் போக முடியாது. அந்த எண்ணை அப்படியே திருப்பிச் சொல்லணும். தப்பா சொன்னா அந்த இடத்துலயே திருத்துவாங்க. அதாவது அங்க யாரும் "புரிஞ்சுதா?"ன்னு கேக்குறது இல்ல. "என்ன புரிஞ்சுது, சொல்லு"ன்னுதான் கேக்குறாங்க. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம்! "புரிஞ்சுதா?"ங்கிற கேள்விக்கு நம்ம ஊர்ல ஒரே ஒரு பதில்தான் மரியாதையான பதில். "புரிஞ்சுது சார்."

முட்டாளா, தப்பா?

ஒரகடத்துல வேலை பார்த்த எல்லாருக்கும் "போகா யோகே"ங்கிற வார்த்தை தெரிஞ்சிருக்கும். சுவத்துல போஸ்டர் ஒட்டியிருப்பாங்க. தப்பு நடக்கவே முடியாத மாதிரி வேலையை அமைக்கிறது. சிம் கார்டோட ஒரு மூலையை வெட்டி வச்சிருக்காங்களே, தலைகீழா போட முடியாது, அதுதான்.

இதை ஜப்பான்ல வளர்த்தெடுத்தவர் ஷிகியோ ஷிங்கோங்கிற என்ஜினியர். முதல்ல இதுக்கு அவர் வச்சிருந்த பேரு "பாகா யோகே". பாகான்னா முட்டாள். முட்டாள் செஞ்சாலும் தப்பாகாத அமைப்புன்னு அர்த்தம். 1963ல அரகாவா பாடிங்கிற கம்பெனியில இதைப் பத்தி விளக்கும்போது, அங்க வேலை பார்த்த ஒரு பொண்ணு அழுதுட்டாங்களாம். நான் அவ்வளவு முட்டாளான்னு கேட்டாங்களாம். ஷிங்கோ இதை அவரே எழுதியிருக்கார். அதுக்கப்புறம் பேரை மாத்தினார். "போகா யோகே". போகான்னா கவனம் சிதறி நடக்கிற தப்பு. முட்டாளைத் தடுக்கிறதுலேருந்து தப்பைத் தடுக்கிறதுக்கு வந்துட்டார். ஒரே ஒரு எழுத்துதான் மாறிச்சு, பழி ஆள் மேலேருந்து வேலை மேல போயிடுச்சு.

எங்க ஸ்டேஷன்லயும் பின்னாடி சரி பண்ணினோம். சிவப்பு பின்ல ஒரு சென்சார். பீஸ் அந்தப் பின்ல விழுந்தாத்தான் ரீசெட் வேலை செய்யும். ஸ்க்ரீன்ல எழுத்தைக் குறைச்சு படம் போட்டேன். பீஸ், அம்புக்குறி, சிவப்பு பின். கீழ தமிழ், இந்தி, ஒடியா மூணுலயும் ஒரு வரி. ஒடியா வரி சரியான்னு பார்க்க, அந்த மொழி பேசுற ரெண்டு பேரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். படிச்சுட்டு என்ன பண்ணுவீங்கன்னு செஞ்சு காட்டச் சொன்னேன். முதல் வடிவத்துல ஒருத்தர் தப்பா செஞ்சார். நான் திட்டல. எழுதினதைத்தான் மாத்தினேன். மொத்தமா ஒண்ணரை நாள் வேலை. முதல்லயே அந்த ஒண்ணரை நாளைச் செலவழிச்சிருந்தா அந்தப் பையன் அங்கேயே இருந்திருப்பான்.

"டு மீ"யும் "எனக்கு"ம்

கடைசியா இடியத்துக்கே திரும்ப வரேன். "இட்ஸ் ஆல் கிரீக் டு மீ". இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த "டு மீ". எனக்கு மூளை இல்லன்னு அது சொல்லல. நீ சொல்றது தப்புன்னும் சொல்லல. நீ சொல்றது எங்கிட்ட வரும்போது கிரேக்கமா வருது, அவ்வளவுதான் சொல்லுது.

நம்ம தமிழ்ல இது இலக்கணத்துலயே இருக்கு. "நான் புரியல"ன்னு யாராவது சொல்வோமா? சொல்ல மாட்டோம். "எனக்குப் புரியல". எனக்குப் பசிக்குது, எனக்குக் குளிருது, எனக்குப் புரியுது. பசி மாதிரி, குளிர் மாதிரி, புரிதலும் நம்மகிட்ட வந்து சேர்ற ஒண்ணு. பசிக்குதுன்னு சொல்ல யாராவது வெக்கப்படணுமா? அப்போ புரியலன்னு சொல்ல மட்டும் ஏன்?

இன்னொரு சொல்லையும் பாருங்க. "புரிய வைக்கிறது". அது யாரோட வேலை? சொல்றவரோட வேலை. தமிழ் அந்த வேலையை சொல்றவர் தலையிலதான் வச்சிருக்கு. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரின்னு சொல்லும்போதும் கட்டினது வேற ஆள்னு சொன்னேன்ல? அன்னைக்கு ராத்திரி அந்தப் பையன் கண்ணைக் கட்டினது நான்தான். எக்ஸ்பர்ட் என் கண்ணைக் கட்டினார், நான் அவன் கண்ணைக் கட்டினேன். ஒவ்வொருத்தரும் "ஓகே"ன்னு சொல்லித் துணியை இன்னும் இறுக்கிக்கிட்டோம்.

அதனால இந்த வாரம் ரெண்டே ரெண்டு வீட்டுப்பாடம். ஒண்ணு, மீட்டிங்லயோ பேங்க்லயோ ஆஸ்பத்திரியிலயோ, எங்கேயாவது ஒரு இடத்துல, "எனக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னு சொல்லிப் பாருங்க. காஸ்கா மாதிரி ஸ்டைலுக்காக இல்ல, நிஜமா. ரூம்ல இன்னும் நாலு பேர் மூச்சு விடுறது உங்களுக்கே கேக்கும். ரெண்டு, நீங்க யாருக்காவது எதையாவது விளக்கினா, "புரிஞ்சுதா?"ன்னு கேக்காதீங்க. "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும், நீங்க எப்படிச் செய்வீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்க"ன்னு கேளுங்க. அம்மாவுக்கு யுபிஐ சொல்லிக் கொடுக்கும்போதும் சரி, டீமுக்கு வந்த ஃப்ரெஷருக்குக் கோடை விளக்கும்போதும் சரி.

இதைக் கேக்குறவங்கள்ல யாராவது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நைட் ஷிஃப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ல போய்க்கிட்டு இருக்கலாம். உங்க ஸ்டேஷன் ஸ்க்ரீன்ல உங்களுக்குப் புரியாத வார்த்தை ஏதாவது இருந்தா, நாளைக்குப் போனதும் கேட்டுடுங்க. அதை எழுதினவனுக்கே அது புரியாம இருந்திருக்கலாம்.

அடுத்த எபிசோட்ல வேற ஒரு இடியத்தோட சந்திக்கலாம்.